மல்லாந்த குட்டிம்மா

பாம்பு மல்லாந்து கிடந்தது.

கிடங்கில் முப்பது வருடம் பெட்டி சுமந்த மூட்டைக்காரருக்கு அதைப் பார்த்ததும் சாவு நினைவுக்கு வரவில்லை. 'தலைகீழா இருக்கே' என்றுதான் தோன்றியது. பெட்டியில் அம்புக்குறி கீழே பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும். யார் வீட்டுச் சாமானாக இருந்தாலும் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

கொஞ்சம் முன்னால்தான் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றலாம் என்று கண்ணாடித் தொட்டியைத் திறந்தார். புஸ்ஸென்று ஒரு சீறல். பயத்தில் மூடியைக் கீழே விட்டார். அந்தச் சத்தத்தில்தான் அது இப்படி ஆனது. வாய் பிளந்து, நாக்கு தொங்கி, அழுகின மீன் போல நாற்றம் வேறு.

அப்புறம்தான் செத்தது யாருடைய பாம்பு என்று உறைத்தது.

குட்டிம்மா முதலாளியின் செல்லம். ஊருக்குக் கிளம்பும்போது மனுஷன் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாலு நாள் இவளை நல்லபடியா பார்த்துக்கோ. வந்ததும் பெட்டிக்குச் சீட்டு ஒட்டுற நாற்காலி வேலை உனக்கு."

இடுப்பு விட்டுப்போய், படி ஏறும்போதெல்லாம் பெற்ற தாயைக் கூப்பிடுகிற ஆளுக்கு நாற்காலி என்றால் சும்மாவா? "பாம்பா? சின்ன வயசுலேர்ந்து பழக்கம் முதலாளி" என்று கூசாமல் புளுகியிருந்தார். இன்று சாயங்காலம் முதலாளி வந்துவிடுவார்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏங்க, கடிச்சிருச்சா?"

"கடிச்சிருந்தா தேவலையே. செத்துப்போச்சுடி."

"என்னத்தைச் செஞ்சு தொலைச்சீங்க?"

"மூடியைக் கீழே போட்டேன். அவ்வளவுதான்."

"மூடி விழுந்தா உயிர் போகுமா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க வீட்டுல பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறீங்க. நான் உயிரோடதானே இருக்கேன்?"

"வழி சொல்லுடின்னா..."

"தூங்குற மாதிரி நிமிர்த்தி வச்சிடுங்க. அவரு வந்து பார்த்து, தூக்கத்துலயே போயிருச்சுன்னு நினைச்சுக்கட்டும்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அளவுகோலை நுழைத்து மெல்லப் புரட்டினார். பாம்பு நிமிர்ந்தது. கையை எடுத்தார். பாம்பு சாவகாசமாகப் புரண்டு மறுபடி மல்லாந்தது.

திரும்பவும் நிமிர்த்தினார். திரும்பவும் மல்லாந்தது.

"செத்தும் அடம் பிடிக்குது பாரேன்!"

உடையும் சாமானுக்கு வைப்பதுபோல் இரண்டு பக்கமும் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். அது ஓர் அட்டையைத் தள்ளிவிட்டு, அதன் மேலேயே ஏறி மல்லாந்தது. நாற்றம் இரண்டு மடங்கானது. குமட்டிக்கொண்டு வரவே முகம் கழுவ ஓடினார்.

திரும்பி வந்து பார்த்தால் பிணம் இடம் மாறியிருந்தது. தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கம் கிடந்த பாம்பு இப்போது எதிர் மூலையில் மரக்கட்டைக்கு அருகில் கிடந்தது. மல்லாந்துதான்.

மூட்டைக்காரர் வாசலில் காவலுக்கு நிற்கும் கேட்காரரிடம் பாய்ந்தார். "யோவ், பொணத்தை ஏன்யா இடம் மாத்தினே?"

கேட்காரர் விழித்தார். "நானா? மண்வெட்டி கையில இல்லாம நான் எந்தப் பாம்பையும் தொட மாட்டேன்."

"அப்போ அது நடந்து போச்சா?"

"பாம்பு எங்கேய்யா நடக்கும்?"

இரண்டு பேரும் எட்டி நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். கேட்காரர் குரலைத் தாழ்த்தினார். "செத்தது இப்படி அலையக்கூடாதுப்பா. மண்ணுல போட்டுருவோம். தப்பிச்சு ஓடிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். நான் போய்க் குழி வெட்டுறேன்."

மூட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு குட்டிம்மாவை ஓர் அட்டைப் பெட்டிக்குள் தள்ளினார். அந்த அவசரத்திலும் அம்புக்குறி மேலே பார்க்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்கதவைத் திறந்தால், எதிரே முதலாளி. மத்தியானமே வந்துவிட்டார்.

"பெட்டியில என்ன?"

பொய் தொண்டைவரை வந்தது. ஆனால் நாற்றம் அதற்கு முன்னால் வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க முதலாளி. குட்டிம்மா போயிட்டா. பாம்புன்னா எனக்குப் பயம். பழக்கம்னு சொன்னது பொய்."

முதலாளி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இவளுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரைக் கூப்பிடு. எதனால செத்தா, யார் கைப்பிழைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

நாற்காலியின் நாலு காலும் உடைவது மூட்டைக்காரருக்குக் காதில் கேட்டது.

கால்நடை டாக்டரம்மா வந்து பெட்டியைப் பிரித்தார். விரலால் பாம்பை நிமிர்த்தினார். அது புரண்டு மல்லாந்தது.

"காலையிலேர்ந்து இதே கூத்துதாங்க டாக்டரம்மா," என்றார் மூட்டைக்காரர். "நானும் நிமிர்த்தி நிமிர்த்திக் கை ஓஞ்சு போனேன்."

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். "அய்யா, செத்த பாம்பை எப்படி வச்சாலும் வச்சபடி கிடக்கும். நிமிர்த்தினதும் திரும்ப மல்லாந்தா அது சாகலை, நடிக்குது. பயந்தா இந்த வகைப் பாம்பு இப்படித்தான் பண்ணும். செத்தா மல்லாந்துதான் கிடக்கணும்னு அதுக்கு ஒரு நினைப்பு. தனியா விட்டா எந்திரிச்சுடும்."

பாம்பைத் தொட்டியில் விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் குட்டிம்மா நாக்கை உள்ளே இழுத்தாள். தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் புரண்டு, தண்ணீர் குடிக்கப் போனாள்.

முதலாளி மூட்டைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உண்மையைச் சொன்னே பாரு, அது போதும். நாளைக்கு வந்து நாற்காலியில உட்காரு."

மூட்டைக்காரருக்கு முப்பது வருடச் சுமையும் ஒரே மூச்சில் இறங்கியது. இடுப்பு வலிகூடக் கொஞ்சம் விட்டதுபோல் இருந்தது. டாக்டரம்மா சிரித்தார், முதலாளி சிரித்தார், அவரும் சிரித்தார்.

மண்வெட்டியோடு வந்து நின்ற கேட்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ முதலாளி, போன வருஷம் நீங்க அழுதுகிட்டே குடுத்து நான் பின்பக்கம் புதைச்ச ரெண்டு பாம்பு? மறுநாள் குழி காலியா இருந்துச்சே, நாய் தோண்டித் தின்னுருச்சுன்னுல்ல நினைச்சேன்!"