சந்தனப் பொட்டு வைத்த சான்றுப் பொருள்

சிதம்பரத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். சைக்கிளுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு லெட்டர் எழுதிய ஒரே ஆள் எங்கள் பால்ரஸ்தான். ‘எனக்கு நெருங்கியவர் படுத்த படுக்கையாக இருப்பதால்’ என்று எழுதுவான். லெக்சரர் ஒருவர் மனம் இளகி, “யாருப்பா, தாத்தாவா?” என்று விசாரித்தபோது, “வயசு எழுவது சார். கழுத்துல ஆட்டம் ஜாஸ்தியாயிடுச்சு” என்றிருக்கிறான். அவர் பாவம், நல்ல எலும்பு டாக்டர் ஒருவரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

அவனுடைய சொந்தப் பெயர் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் மட்டும்தான் இருந்தது. பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் சைக்கிள் சக்கரத்துக்குள் போடுகிற பால்ரஸ் குண்டுகள் கிடக்கும். அவன் வராண்டாவில் நடந்து வந்தால் நாலு ரூம் தள்ளியே சத்தம் கேட்கும். பரீட்சை ஹாலில் இந்தச் சத்தத்தைக் கேட்டு, ஏதோ சிக்னல் கொடுக்கிறான் என்று சூப்பர்வைசர் பாக்கெட்டைக் கவிழ்க்கச் சொன்னார். கொட்டின குண்டுகள் ஹால் முழுக்க உருண்டன.

“என்னாய்யா இது?”

“முன் சக்கரத்துக்கு இருவது, பின் சக்கரத்துக்குப் பதினெட்டு சார். எண்ணி எடுத்துக்கிட்டுப் பரீட்சை எழுதறேன் சார், மனசு நிக்காது.”

அவன் படித்தது வரலாறு. நான் படித்தது சட்டம். எங்களை ஒரே ரூமில் போட்ட புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. எங்கள் ரூமில் இரண்டு கட்டில், இரண்டு மேஜை, நான்கு சீமை சைக்கிள். ஒன்று ஃபேன் கொக்கியில் தொங்கும். அதனால் ஒரு கோடை முழுக்க எனக்கு ஃபேன் இல்லை. என் டிபன் பாக்ஸில் மண்ணெண்ணெய் ஊற்றிச் செயினை ஊறப் போடுவான். கழுவித்தான் வைப்பான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுவிட்டு நான் பீடி பற்ற வைத்தவர்களிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்த நாட்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடலூர். அங்கே ஒரு காயலான் கடை விடாமல் குடைவான். திரும்பும்போது பஸ்ஸில் என் கழுத்தில் ஒரு ரிம், அவன் மடியில் ஒரு ஃபிரேம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

“லக்கேஜ் இல்லண்ணே. பேஷண்ட்டு.”

“அப்ப எறங்கி ஆம்புலன்ஸ்ல வா.”

புதுச்சத்திரத்தில் எங்களை இறக்கிவிட்டுப் பஸ் போயே போய்விட்டது.

தெருவில் போகிற எந்தச் சைக்கிளாவது கிறீச்சிட்டால் இவனுக்குப் பல் கூசும். மேல வீதியில் ஒரு நாள், முன்னால் போன ஒரு பெரியவரின் சைக்கிளைத் துரத்திக்கொண்டு ஓடினான். “அண்ணே நில்லுங்க! அண்ணே, பின் சக்கரம்!” பெரியவர் இன்னும் வேகமாக மிதித்தார். இவன் கையில் இருந்தது ஸ்பேனர் என்பதால் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி தோன்றிவிட்டது. பூக்கடைக்காரர்கள் பிடித்து இரண்டு வைத்தார்கள். அடி வாங்கிக்கொண்டே, “நட்டு லூசா இருக்குதுங்க, முடுக்கிட்டு அடிங்க” என்று கெஞ்சினான்.

இதையெல்லாம் மெஸ்ஸில் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். நான்தான் ஜாஸ்தி சிரித்தேன். முதல் வருஷக் கடைசியில் அவன் என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு என்னால் அந்த மாதிரி சிரிக்க முடியவில்லை.

அது ஒரு போலீஸ் ஸ்டேஷன். பின்பக்கம் வேப்பமரத்தடியில் பிடித்து வந்த பைக்குகளும் மணல் வண்டிகளும் குவிந்து கிடந்தன. குவியலின் ஓரத்தில், கோவைக்கொடி சுற்றிய நிலையில், ராடு பிரேக் வைத்த ஒரு பழைய சீமை சைக்கிள். முன் சக்கரம் எட்டுப் போட்டது போல மடங்கியிருந்தது.

“எங்கப்பாது” என்றான்.

அவன் அப்பா கிள்ளையில் தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையில் இருந்தவர். பையன் ப்ளஸ் டூ படிக்கும்போது, வால்வுக்கு வாஷர் வாங்கச் சிதம்பரத்துக்கு இந்தச் சைக்கிளில் வந்தவர், வழியில் ஒரு வளைவில் லாரி அடித்துச் செத்துப்போனார். லாரி டிரைவர் மேல் கேஸ் நடந்துகொண்டிருந்தது. ‘பிரேக் இல்லாத ஓட்டை சைக்கிளில் வந்தவர், தானே தடுமாறிச் சக்கரத்தில் விழுந்தார்’ என்பது டிரைவர் தரப்பு சொன்ன பதில்.

“சாவறது யாரு வேணாலும் சாவலாம் மச்சான். பிரேக் இல்லாத சைக்கிள்ல வந்தாருன்னு சொல்றானுங்க பாரு, அத என்னால தாங்க முடியல. வருஷத்துக்கு ரெண்டு தடவ பிரேக் கட்டை மாத்துவாரு. அந்த ஒரு வரிய கோர்ட்டு தப்புன்னு சொல்லணும். எனக்கு வேற எதுவும் வேணாம்.”

அவனுக்குச் சைக்கிள் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று அன்றுதான் தெரிந்தது. மற்றச் சைக்கிள்கள் எல்லாம் கை பழகுவதற்கு. உண்மையான நோயாளி இங்கே கிடந்தார்.

ஸ்டேஷனில் ஒரு ஏட்டையா இருந்தார். இளகின மனசு. இவன் கொடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, “துரு புடிக்குது ஏட்டையா, தொடச்சிக்கட்டுமா?” என்று கேட்டான்.

“தொடச்சிட்டுப் போ தம்பி. தொடைக்கறதுல என்னா இருக்குது?”

துடைத்தான். அடுத்த சனிக்கிழமை எண்ணெய் போட்டான். எண்ணெய் போடுவதில் என்ன இருக்கிறது? அதற்கடுத்த வாரம் அறுந்த கம்பிகளை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி கோத்தான். கம்பி கோத்த பிறகு ரிம் மடங்கியிருந்தால் நன்றாகவா இருக்கும்? இப்படியே இரண்டு செமஸ்டர் போனது. ஃபோர்க்கை நிமிர்த்தினான், பெடல் போட்டான், கிராங்கைச் சரி பண்ணினான். பழைய ரிம்மைக் கடலூர் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு அதே அளவில் நல்லதாக ஒன்று தூக்கி வந்தது யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கும்போது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக முறுக்குவான். ஏட்டையா டீ வாங்கிக் கொடுப்பார். ஸ்டேஷன் வாசலில் வருகிறவர்களிடம், “பெத்தவரு கடனத் தீக்கறாம்பா” என்று பெருமையாகச் சொல்வார்.

ஒரு போலீஸ்காரர், ஒரு சட்ட மாணவன், ஒரு மகன். மூன்று பேர் சேர்ந்து ஒரு கொலைகாரனுக்கும் தோன்றாத அளவுக்குத் தடயத்தைத் துடைத்து வைத்திருந்தோம். மூன்று பேரில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. எனக்குச் சாட்சியச் சட்டத்தில் அப்போது இரண்டாவது தடவையாக அரியர்.

ஆயுத பூஜை லீவு முடிந்து கோர்ட் திறந்த வாரம், சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. ஸ்டேஷனில் பூஜை போட்ட கோலத்திலேயே இருந்தது அந்தச் சைக்கிள். ஏட்டையா அதை கோர்ட் ஹாலுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். ஃபிரேமில் கறுப்புப் பெயிண்ட் மின்னியது. முன் மட்கார்டில் சந்தனம், குங்குமம். ஹேண்டில் பாரில் வாடின சாமந்திச் சரம். சக்கரம் டிக்டிக் என்று ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது.

பால்ரஸின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “கல்யாணத்தப்ப அவுங்க இதுலதாம்பா எங்க வூட்டுக்கு வந்தாங்க. அப்ப இருந்த மாதிரியே பண்ணிட்டான் பாரு” என்று பூரித்துப் போனார். அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

டிரைவர் தரப்பு வக்கீல் எழுந்தார். சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தார். பெல்லை ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்று அடித்தது.

“ஏட்டையா, இது மேலதான் லாரி ஏறிச்சா?”

“ஆமாங்க.”

“ஏறிச்சா, இல்ல பாத்து ஒதுங்கிப் போச்சா?”

ஹால் முழுக்கச் சிரித்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற டவாலி கூடச் சிரித்தார். அரசு வக்கீல் கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். ஏட்டையாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மேடையில் இருந்த மாஜிஸ்திரேட் அம்மா சிரிக்கவில்லை.

“இதைச் சரிபண்ணது யாரு?”

“நான்தாம்மா” என்று பின் பெஞ்சிலிருந்து எழுந்தான் பால்ரஸ். எழுந்தபோது பாக்கெட்டில் குண்டுகள் கலகலத்தன. அதற்கும் சிரித்தார்கள்.

அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். எதற்காகச் செய்தாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“துரு புடிச்சுதும்மா.”

“எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னு தெரியாதா?”

“அப்பிடியேதாம்மா ஆக்கியிருக்கேன். எங்கப்பா வச்சிருந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. “நீ பார்த்தப்போ என்னென்ன உடைஞ்சிருந்துச்சு?” என்று அவர் கேட்டார். இவன் கையில் ஒரு காகிதம் கிடையாது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.

“முன் சக்கரம் மடங்கியிருந்துச்சும்மா. எடது பக்கம் பதினோரு கம்பி அறுந்திருந்துச்சு. ஃபோர்க்கு எடப்பக்கமா வளைஞ்சிருந்துச்சு. எடது பெடலே இல்ல. கிராங்கு உள்ளாற போயிருந்துச்சு. சீட்டு நசுங்கியிருந்துச்சு. கேரியரு பின்னாலேர்ந்து மடிஞ்சிருந்துச்சும்மா, பின்னாலேர்ந்து ஏறுனாத்தான் அப்பிடி மடியும்.”

மாஜிஸ்திரேட் கோப்பில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். அது போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் என்று பிறகு அரசு வக்கீல் சொன்னார். அவன் சொல்லச் சொல்ல அவர் விரல் அந்தப் பக்கத்தில் கீழே கீழே இறங்கியதைப் பார்த்தேன். இடது கால், இடது விலா, முதுகு. பக்கத்தில் அவன் அம்மா என் கையை விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

“பிரேக்?”

“பிரேக்க நான் தொடவே இல்லம்மா. தொட வேண்டிய வேலையே இல்ல. அது அப்பா போட்ட கட்டை. இன்னிக்கும் புடிக்கும்.”

டிரைவர் தரப்பு வக்கீல் மெதுவாக எழுந்தார். கெட்ட மனுஷன் இல்லை. அவர் வேலை அது. “எல்லாத்தையும் சரி பண்ண கை, பிரேக்கை மட்டும் தொடலைன்னு எப்படி நம்புறதும்மா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வெளியே வந்ததும் அரசு வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ லா படிக்கிறியாமே?” என்று மட்டும் கேட்டார். செருப்பால் அடித்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு. டிரைவருக்குச் சந்தேகத்தின் பலன், விடுதலை. சைக்கிளில் பிரேக் இருந்ததா இல்லையா என்பதை இனித் தீர்மானிக்க இயலாது என்று அதில் ஒரு வரி இருந்தது. பால்ரஸ் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். எட்டு நாள் எண்ணெய் டப்பாவைத் தொடவில்லை. “மன்னிச்சிடு மச்சான், எனக்காவது தெரிஞ்சிருக்கணும்” என்று நான் ஒரு நாள் உடைந்துபோய்ச் சொன்னேன். “ரிம்ம நல்லா புடிச்சடா நீ” என்றான்.

ஒன்பதாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஏட்டையா கையெழுத்து வாங்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. “கேரியர்ல ஒக்காரு மச்சான், அம்மாகிட்ட குடுத்துட்டு வந்துடலாம்” என்றான். கிள்ளை ரோட்டில் காலை வெயிலில் ஒரு சத்தமும் இல்லாமல் சைக்கிள் போயிற்று. அந்த வளைவு வந்தது. எனக்கு இடம் தெரியாது, அவன் முதுகு விறைத்ததில் தெரிந்தது. இறங்கி நடப்பான் என்று நினைத்தேன். அவன் நன்றாக வேகம் பிடித்து மிதித்து, வளைவு நடுவில் இரண்டு பிரேக்கையும் அழுத்தினான்.

சைக்கிள் நட்டு வைத்த மாதிரி நின்றது. என் மூக்கு அவன் முதுகில் மோதி ரத்தம் வந்துவிட்டது. அவன் திரும்பவில்லை.

“புடிச்சுதா?” என்று கேட்டான்.

“புடிச்சுது மச்சான்.”

“நல்லா புடிச்சுதா?”

“நல்லாவே புடிச்சுது.”

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் போனான். மறுபடி வேகமாக வந்தான், மறுபடி அழுத்தினான், மறுபடி கேட்டான். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். ஆறு தடவை கேட்டான். அறுபது தடவை கேட்டிருந்தாலும் அந்தக் கேரியரை விட்டு இறங்கியிருக்க மாட்டேன்.