விழுந்து கும்பிட்டேன், ஸ்ட்ரெச்சர் வந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். தெய்வ காரியம், யாராவது சிரித்துவிட்டால்? (எழுதாமலே எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.)

நான் மலைக்கோயிலுக்குப் புறப்பட்டபோது, ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை செய்த என் மகன் கையில் ஒரு வாட்ச் கட்டிவிட்டான்.

"நைனா, காட்டுல எங்கனா விழுந்து அசையாம கெடந்தா, இதுவே எனக்கு எடத்தைச் சொல்லிடும்."

"நான் இன்னாத்துக்குடா விழப்போறேன்?"

விழுந்தேன். பாதி மலையில் சந்நிதியைக் கண்டதும், வெட்டின மரம் மாதிரி, சாஷ்டாங்கமாக. மகனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அப்படியே கிடந்தேன். வாட்ச் கத்தியது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று இன்னும் உருகிக் கிடந்தேன். சாமிக்கு மரியாதையாக போனை முன்பே சைலண்டில் போட்டிருந்தேன். மகன் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த அசெம்பிளி லைனை அப்படியே விட்டு ஓடி, வனத்துறைக்குப் போன் போட்டானாம். எந்த வேலைக்காக நான் கிடந்தேனோ, அந்த வேலையை விட்டு.

பிரசாதப் பொங்கலில் பாதியை முடித்திருந்தேன். நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்கள்.

"இங்க விழுந்தது யாரு?"

"நான்தான். சாமிக்கு."

வனக்காவலர் என் பொங்கலைப் பார்த்தார். "முன்னெல்லாம் ஆளைத் தேடவே ஒரு நாள் ஆவும். இப்போ நேரா வந்துடுறோம். வந்து பாத்தா, சாப்ட்டுனு இருக்கீங்க."

அப்போது அவர் வாக்கிடாக்கி கரகரத்தது. கீழே ஓடைப் பக்கம் ஒரு அம்மா வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடக்கிறாராம். ஸ்ட்ரெச்சர் எங்கே என்று கேட்டார்கள். இருந்ததே ஒன்றுதான். அது என் பக்கத்தில் இருந்தது.

நானும் அவர்கள் பின்னால் ஓடினேன். அந்த அம்மாவைத் தூக்கியபோது ஒரு மூலையை நான் பிடித்தேன். அவர் கால் பிழைக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டினேன். (நடந்துகொண்டேதான்.)

"யார் பெத்த புள்ளையோ, மகராசனா இருப்பா" என்று என்னை வாழ்த்தினார் அந்த அம்மா. அடுத்த மூச்சில், "சும்மானாச்சும் கூப்ட்டு இவங்கள மேல இஸ்துக்கினானே, அந்தப் பாவி மட்டும் என் கையில கெடைக்கட்டும்!" என்றார்.

வனக்காவலர் என்னைப் பார்த்தார். நான் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்குக் கால் கூடிவிட்டது, மகனுக்கும் வேலை நிரந்தரமானது. ஆனால் இன்றைக்கும் நான் எந்தச் சந்நிதி முன் குனிந்தாலும் என் மனைவி கை நீட்டுவாள்: "வாட்ச்ச கயட்டிக் குடுத்துட்டு விழுங்க."

மலைக்குப் போகும் பக்தர்கள் அனைவருக்கும் இதைத் தயவுசெய்து அனுப்புங்கள். ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டாம். என் மைத்துனன் சொல்லும் கதையில் இப்போதே ஹெலிகாப்டர் வந்துவிட்டது.