ஹம்சத்வனியின் கூடாரத்துக்குப் போக வேண்டாம்

அன்புள்ள தம்பி இந்திரகுமாருக்கு,

நோர்வே லோறென்ஸ்கூக்கிலிருந்து ஆனந்தராஜா அண்ணன் எழுதுவது. நானும் புஷ்பமலரும் உடம்பளவில் சுகம். மற்றபடி எப்படி என்பதை இதை வாசித்துவிட்டு நீயே முடிவு செய். நீயும் மேரியம்மாவும் பிள்ளைகளும் பலெர்மோ வெயிலில் குறையின்றி இருக்க வேண்டும். வட்ஸ்அப்பை விட்டு மின்னஞ்சலுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. ஊர் ஒன்றியத்தின் குழுவில் நான் இனி வாய் திறக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

என் மூத்த மகள் ஹம்சத்வனியை நீ கடைசியாகக் கண்டபோது அவள் சின்னப்பிள்ளை. உன் மூக்குக்கண்ணாடியை உடைத்தாள். இப்போது ஒஸ்லோவில் பிசியோதெரபிஸ்ட். இந்த வசந்தத்தில் வேலையிலிருந்து நீண்ட லீவு எடுத்து, பார்சலோனாவில் தொடங்கி, பிரான்சின் தெற்குக் கரை, இத்தாலி, சிசிலி, பிறகு கிரேக்கம் என்று தனியாகச் சைக்கிளில் போகப்போவதாகச் சொன்னாள். எங்கே தங்குவாய் என்று கேட்டேன். "டெல்ட் அடிச்சுப் படுப்பன், அப்பா" என்றாள். டெல்ட் என்றால் இங்கே கூடாரம். எங்கே அடிப்பாய் என்றேன். "காட்டிலை. இல்லாட்டி ஒலிவ் தோட்டத்திலை." கூட யார் வருகிறார்கள்? "ஒருத்தரும் இல்லை. அதுதானே விஷயம்." தம்பி, சண்டைக் காலத்தில் நாங்கள் காட்டில் படுத்தது ஷெல்லுக்குப் பயந்து. இவள் லீவு எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கிறாள். பக்கத்து வீட்டு எம்மா வேலிக்கு மேலால் கை நீட்டி என்னை வாழ்த்தினாள். பிள்ளை காட்டில் தனியாகப் படுத்தால் நோர்வேக்காரருக்கு அது பட்டம் பெற்ற மாதிரி. உனக்குப் பெருமையாக இருக்குமே என்றாள். பெருமைதான், அதனால்தான் நித்திரை இல்லை என்றேன்.

என்னைத் தேற்ற அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். அவளுடைய போன் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் என் போனில் ஒரு நீலப் புள்ளி தெரியும். புள்ளி நகர்ந்தால் சைக்கிள் ஓடுகிறாள், நின்றால் படுத்துவிட்டாள். தொடங்கிய சில நாட்களில், பெர்ப்பினியோன் என்ற ஊருக்கு வெளியே, சுற்றிவரப் பச்சை மட்டும் தெரியும் ஓர் இடத்தில் புள்ளி நின்றது. நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. புள்ளி தெரியும் வரைபடத்தைக் குழுவில் போட்டு, இதற்குக் கிட்ட எங்கடை ஆக்கள் யாரும் இருக்கினமோ என்று கேட்டேன், அவ்வளவுதான். துலூசிலிருந்து குலசேகரம் மாஸ்டர் காரை எடுத்துவிட்டார். பொழுதுபடும் நேரம் கூடாரத்தை டோர்ச் அடித்துச் சுற்றிவந்து, "பிள்ளை, பயப்பிடாதை, நான் உங்கடை அப்பாவோடை படிச்சனான்" என்று கத்தியிருக்கிறார். அவள் சைக்கிள் பம்பை ஓங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மாஸ்டர் இடியப்பப் பார்சலை ஓங்கிக்கொண்டு நின்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மாஸ்டர் அவளை இடியப்பத்தோடு படம் எடுத்துக் குழுவில் போட்டார். அதன்பின், வழியில் இருக்கிற மற்றவர்கள் போகாமல் விட்டால் மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது. கேட்டவர்களுக்குப் புள்ளி நிற்கிற இடத்தை நான் அனுப்பினேன், அவ்வளவுதான். மார்செய்யில் பிட்டு, நீஸில் தோசை. ஜெனோவாவுக்கு மேலே மலையில், ஒருவரும் காணமுடியாத கஷ்கொட்டை மரக்காடு ஒன்றைத் தேடிப்பிடித்து அவள் கூடாரம் அடிக்க, ஜெனோவாவில் இருக்கிற சிறிதேவி அக்கா மூன்று கார்களில் ஆட்களையும் மடக்குக் கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். "இந்தப் பிள்ளை காட்டிலை கிடக்க நாங்கள் கட்டிலிலை படுக்கிறதோ" என்று அக்கா கேட்டாராம். காணிக்காரர் இங்கே கூடாரம் அடிக்கக் கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அவரையும் ஒரு கதிரையில் இருத்தி மட்டன் றோல் கொடுத்தார்கள். இப்போது ஒன்றியத்தின் அடுத்த விளையாட்டுப் போட்டி அவருடைய காணியில்தான்.

நேப்பிள்ஸிலிருந்து மகள் கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது, அதுதான் எனக்குப் பயம்.

"அப்பா, பார்சலோனாவிலை இருந்து சைக்கிள் ஓடி மூண்டு கிலோ கூடின ஒரே ஆள் நான்தான்."

"நல்லதுதானே, பிள்ளை."

"ஆலேனே எண்டா ஆலேனே, அப்பா." ஆலேனே என்றால் நோர்வே மொழியில் தனியாக. "ஒரு இடத்துக்கு எண்டாலும் நானாப் போய்ச் சேர்ந்தன் எண்டு நான் சொல்ல வேண்டாமோ? இனி ஒரு அங்கிளோ அன்ரியோ என்ரை டெல்ட்டுக்குக் கிட்ட வந்தால், புள்ளியை நிப்பாட்டிப்போடுவன். கிரீஸ் போய்த்தான் பிறகு கதைப்பன்."

அவள் சொன்னால் செய்வாள். முகம் கழுவ முன்னர் நான் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான். வேலையில் தேநீர் நேரத்திலும் அதைத்தான். அது இல்லாமல் கிரேக்கம் வரைக்கும் நான் எதைப் பார்ப்பது? புஷ்பமலரிடம் முறையிட்டேன். "நீங்கள் இருபது வயசிலை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரனை நம்பிப் பனிக்குள்ளாலை வந்தனீங்கள். உங்களுக்கு ஆர் இடியப்பம் கொண்டுவந்தது?" என்று கேட்டாள். யாராவது கொண்டுவந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே இந்தக் கடிதம். அவள் கப்பலில் வந்து உங்கள் தீவில் இறங்கிவிட்டாள். நீ குழுவில் கட்டைவிரலைக் காட்டியதையும், பிள்ளைக்கு என்ன மீன் பிடிக்கும் என்று மேரியம்மா கேட்டதையும் நான் கண்டேன். தயவுசெய்து போக வேண்டாம். தூரத்தில் நின்று பார்க்கவும் வேண்டாம். நாயை நடத்திக்கொண்டு அந்தப் பக்கம் தற்செயலாகப் போக வேண்டாம். உன்னிடம் நாய் இல்லை, இரவல் வாங்கவும் வேண்டாம். கோயில் ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். பின்னால் நோர்வேக் கொடி கட்டிய சைக்கிள் எதிரே வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு நில். இந்த ஓர் உதவியை நீ எனக்குச் செய்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, வீட்டிலேயே படுத்து, சீரும் சிறப்புமாக வாழட்டும். மேரியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்.

அன்புடன்,
ஆனந்தராஜா அண்ணன்

பி.கு.: அனுப்ப முன்னர் ஒருதரம் புள்ளியைப் பார்த்தேன். பலெர்மோவில் ஒரு தெருவில் நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன்; அது உன் தெரு, உன் கட்டடம். நான் விலாசம் கொடுக்கவில்லை. புஷ்பமலரும் முருகன் மேல் சத்தியம் செய்கிறாள். பதறிப்போய்க் கேட்டதற்கு மகள் பதில் எழுதியிருக்கிறாள்: "சிறிதேவி அன்ரியிட்டைக் கேட்டு வாங்கினனான். எனக்குச் சம்பல் வேணும். ஆரும் அனுப்பாமல் நானாத்தான் போறன், அப்பா. சித்தப்பாக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ." ஆகவே மேலே எழுதியது அனைத்தும் ரத்து. மணி அடித்தால் ஓடிப்போய்த் திறக்காதே. ஆர் எண்டு கேட்டுவிட்டுத் திற. அவளை எதிர்பார்த்தவன் மாதிரி முகத்தை வைத்திருக்காதே. எப்படிப் பிள்ளை தனிய வந்து கண்டுபிடிச்சனி என்று இரண்டு தரமாவது கேள். பிறகு வடிவாகச் சாப்பிட்டாளா என்று எனக்கு மட்டும் எழுது, குழுவில் போடாதே.