சம்பந்தி வீட்டு நாக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, மகன், என் இரும்புச் சாமான்கள் அனைவரும் நலம். அங்கே தாங்களும் அம்மையாரும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் எங்கள் மருமகளும் நலமாக இருக்க மனதார விரும்புகிறேன். போனில் பேசலாமென்றால் அம்மையார் எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். போன தடவை நான் வந்திருந்தபோது திருகாணிப் பெட்டியைக் கிளறி, ஜோடியில் ஒன்றுதான் அகப்பட்டது என்று துருப்பிடித்த ஒரு மோர்சிங்கை என் கையில் வைத்தீர்களே, அதை வீட்டில் நன்றாகத் தேய்த்து வினிகரில் ஊறப்போட்டேன். ஊறப்போட்டது பல் தேய்க்கும் குவளையில். அதில் வாய் கொப்பளித்த மகன் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது வேறு கதை. வெளியே எடுத்துப் பார்த்தால் சம்பந்தி, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை! உடம்பு முழுக்க அலை அலையாக ரேகை. இரும்பையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்தால்தான் அந்த ரேகை விழும். அந்த எஃகில் கத்தி கிடைக்கும், வாள் கிடைக்கும், வாத்தியம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இத்தனை வருஷம் அலைந்து நான் சேர்த்ததே ஒரு முக்கோண மணியும், கைத்தாள ஜோடியில் ஒற்றையும்தான். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி விரிசலைக் காதால் கண்டுபிடித்தே வேலையில் காலம் தள்ளியவன் நான். அந்தக் காதுக்கு, மோர்சிங்கைப் பல்லில் வைத்து மீட்டியதும் மண்டைக்குள் கேட்ட நாதம் இருக்கிறதே, அன்று நான் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

ஒரே குறை, நடுவில் அதிர்கிற கம்பி, அதாவது நாக்கு. கொஞ்சம் நீண்டுபோய் எல்லாவற்றிலும் இடித்தது. உடனே கொல்லருக்குப் போன் போட்டேன். சந்தோஷத்தில் சத்தமாகத்தான் பேசிவிட்டேன் போலிருக்கிறது.

"சம்பந்தி வீட்டு நாக்கு ரொம்ப நீளம்ங்க. தொட்டா போதும், நிக்காம ஆடுது. நுனியைக் கொஞ்சம் வெட்டினாத்தான் சரிப்படும்."

பின்னால் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. மடித்த துணியை அலமாரியில் வைக்காமல் பெட்டியில் வைத்தாள். அம்மா வீட்டு ஞாபகம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, போவதுதான் போகிறாய், அப்பாவின் திருகாணிப் பெட்டியில் ஜோடி கிடக்கிறதா பார்த்துவிட்டு வா என்று வேறு சொல்லித் தொலைத்தேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு விளக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. செருப்புகூடப் போடாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அது உங்க அம்மா நாக்கு இல்லம்மா" என்றேன்.

"அப்ப என்னோடதா மாமா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அவள் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது சம்பந்தி. மகன் சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கும் மனசு கேட்கவில்லை. அம்மையாரின் பேச்சை மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன், ஒரு நாளாவது பாதியில் எழுந்து போயிருக்கிறேனா, நீங்களே சொல்லுங்கள். தாங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பெண்ணை அனுப்பிவைக்க வேண்டும். அந்த ஜோடி எனக்கு வேண்டவே வேண்டாம். மருமகள் வந்தால் போதும்.

அம்மையாருக்கு என் பணிவான வணக்கம். மருமகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாயைத் திறக்கவே பயப்படும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அம்மையாரே போன் செய்தார். ஜோடி அகப்பட்டுவிட்டதாம். "பொண்ணுகிட்டயே குடுத்து அனுப்பறேன். நாக்கை வெட்டற சிரமம் உங்களுக்கு எதுக்குன்னு நானே குறட்டால பிடுங்கிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். சம்பந்தி, முறிந்த இடத்தில் அடுக்கடுக்காகத் தெரிகிறதா என்று உடனே பாருங்கள்! தெரிந்தால் இரண்டும் ஒரே எஃகு. மருமகள் நாலு நாள் இருந்துவிட்டே வரட்டும், அவசரமில்லை. நாக்கை இன்றைக்கே தபாலில் அனுப்பவும்.