எண்ணெய்க் குப்பியில் தண்ணீர்

“கார் ஷெட் கதவை நானே பாத்துக்கறேன். வெளியாள் யாரும் கை வைக்க வேண்டாம்.”

காலைக் காப்பியோடு தராசு இப்படி அறிவித்தபோது அவர் மனைவி கொஞ்சம் அசந்துதான் போனாள். இருபத்தெட்டு வருஷ இல்லறத்தில் அவர் தானாக முன்வந்து செய்த காரியங்களை விரல் விட்டு எண்ணினால், ஒரு கையே அதிகம்.

“நீங்களா? உங்களுக்கு ஸ்குரூ எந்தப் பக்கம் திருகணும்னு தெரியுமா?”

“ரெண்டு பக்கமும் திருகிப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது.”

தராசு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். எடை அளவு ஆய்வாளராக முப்பது வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, ஊராரின் எடையைச் சரிபார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு தானே எடை போட ஆரம்பித்தார். அந்த எடை இதயம் வரைக்கும் போய் ஒரு சின்ன அடைப்பில் வந்து நின்றது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்கவும் சொன்னார். மறுநாளே, நின்ற இடத்தில் நின்று சக்கரம் மட்டும் சுற்றும் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று மாடி ஹாலுக்கு வந்து சேர்ந்தது. வாங்கிப் போட்டவள் மனைவி. தராசு அவளை மிகவும் மதித்தார். சைக்கிளைத்தான் மிதிக்கவில்லை.

அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். வருகிறவர்களையெல்லாம் பகல் முழுக்க எழுத்துப் படிக்க வைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புவாள். வந்ததும் முதல் கேள்வி, “இன்னைக்கு மிதிச்சீங்களா?” கண்ணைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளிடம் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்வது லேசான வேலை இல்லை. அந்த இடத்தில்தான் கதவு தராசுக்குக் கை கொடுத்தது.

ஷெட் மாடி ஹாலுக்கு நேர் கீழே. நான்கு பலகைகளாக மடிந்து, இரு பக்கத் தண்டவாளத்தில் மேலே ஏறி, கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் ரகக் கதவு. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து ரோலர்கள். பத்தும் தேய்ந்திருந்தன. வாசலில் கார் வந்து நின்று அவள் ரிமோட்டை அமுக்கினால் அது திறக்காது, கதறும். அந்தக் கதறல் கேட்டதும் தராசு சோபாவிலிருந்து எழுவார். டிவியை அணைப்பார். கடலை டப்பாவை அலமாரிக்குள் தள்ளுவார். நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொள்வார். கழுத்தில் துண்டு. சைக்கிளில் ஏறி மிதி மிதி என்று மிதிப்பார். அவள் படியேறி வரும்போது மூச்சு வாங்கும். அந்த மூச்சு மட்டும் நிஜம்.

இப்படிப்பட்ட கதவைச் சரிசெய்ய ஆள் கூப்பிடப் போகிறேன் என்று அவள் சொன்னால் மனிதர் என்ன செய்வார்? நானே பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்வார்.

அவள் ஒரு குப்பி எண்ணெய் வாங்கிக் கொடுத்தாள். தராசு முதல் வாரம் யோக்கியமாக ரோலர்களுக்கு எண்ணெய் போட்டார். கதவு சன்னமாக முனக ஆரம்பித்துவிட்டது. அன்று அவள் படியில் பாதி ஏறிய பிறகுதான் அவர் சைக்கிளில் ஒரு காலைத் தூக்கிப் போட்டார். மறு காலைத் தூக்குவதற்குள் அவள் ஹால் கதவைத் திறந்துவிட்டாள்.

“இப்பத்தான் இறங்கினீங்களா?”

“ஆமா, இறங்கத்தான் காலைத் தூக்கினேன்.”

மறுநாள் குப்பியில் இருந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை நிரப்பினார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, அவள் பார்க்க, ஏணி போட்டு ஏறி ரோலர், கீல் என்று ஒன்று விடாமல் சொட்டுச் சொட்டாக விட்டார். இருக்கட்டுமே என்று கதவைத் தூக்கும் கம்பிக் கேபிளுக்கும் இரண்டு சொட்டு. கதவின் குரல் நன்றாகத் தேறிவிட்டது.

“எண்ணெய் போட்டும் இப்படிக் கத்துதே?”

“தேய்மானம். அதுக்கென்ன பண்றது?”

“ஆளைக் கூப்பிட்டா மானம் போயிடுமா?”

“கதவுக்குத் தேய்மானம். எனக்கு மானம்.”

மூன்று மாதம் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். தன் வாதத் திறமைதான் என்று தராசு நினைத்துக்கொண்டார். அவர் மனக்குறை ஒன்றுதான். முன்பெல்லாம் கதவு கதறி இரண்டு நிமிஷத்தில் மேலே வந்தவள், இப்போது கீழேயே நேரம் கடத்தினாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பிறகு இருபதும் தாண்டியது. காரில் உட்கார்ந்து அக்காவோடு போன் பேசுகிறாள் போலிருக்கிறது. எந்த நிமிஷம் வருவாளோ தெரியாது, சைக்கிள் சத்தம் நின்றால் கீழே கேட்கும். இறங்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் தொடை கடுக்க மிதித்துக்கொண்டே இருப்பார். அந்த அக்காவை மனசுக்குள் வாழ்த்தாத நாளில்லை.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குக் கதவு வழக்கம்போல் கதறியது. தராசு எழுந்தார். டிவியை அணைத்தார். கதறல் நடுவில் அறுந்து, தடார் என்று ஒரு சத்தம். வீடே ஒரு குலுங்கு குலுங்கியது. இதை அவர் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சத்தத்துக்குப் பிறகும் அவர் கை தண்ணீரைத் தொட்டு நெற்றியில் தெளித்தது. துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டது. சைக்கிள் வரை நடந்தும் போனார். அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. செருப்பில்லாமல் கீழே ஓடினார்.

ஒரு பக்கத்துக் கேபிள் அறுந்து, கதவு கோணலாகக் காரின் முன்மூடி மேல் விழுந்து தகரத்தை உள்ளே அமுக்கியிருந்தது. கார் மூக்கு மட்டும் உள்ளே, மீதி வெளியே. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை. அவர் கார்க் கதவைத் திறந்து அவள் தோளைப் பிடித்தபோது அவள் நிமிர்ந்து அவர் நெற்றியைப் பார்த்தாள்.

“பாதியிலேயே இறங்கி வந்துட்டீங்களா?”

“ஆமா” என்றார் தராசு. துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கதவுக்காரர் வந்தார். ஐம்பது வயது, காதில் பென்சில், கையில் டார்ச். மனைவி பஸ் பிடித்து வேலைக்குப் போயிருந்தாள். கதவுக்காரர் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

“கேபிள் ரெண்டும் போச்சு. ரோலர் பத்தும் மாத்தணும். கீல் ஆறு. அடி ரப்பர் பட்டை. ஸ்பிரிங்கும் சோர்ந்துடுச்சு சார்.”

“ரோலர் இருக்கட்டுமே. மத்ததை மட்டும் மாத்துங்க.”

“சத்தம் போகாதே சார்.”

“போக வேண்டாம்.”

கதவுக்காரர் டார்ச்சை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். சத்தம் போகணும்னுதான் கூப்பிடுவாங்க.”

“பழகிப்போச்சு. வீட்ல இன்னொரு ஆள் பேசற மாதிரி.”

“அப்ப ரேடியோ வாங்குங்க சார்.”

“ஒரே ஒரு பழைய ரோலரையாவது விட்டு வைங்களேன்.”

“தேய்ஞ்சது ஒண்ணு இருந்தா, புதுசு ஒன்பதையும் இழுத்துக் கெடுத்துடும்.” அறுந்த கேபிளின் நுனியைக் கொண்டுவந்து தராசின் உள்ளங்கையில் வைத்தார். நூல் நூலாகப் பிரிந்து, தொட்டால் பழுப்பாகப் பொடி உதிர்ந்தது. “இது தேய்ஞ்சு அறுந்ததில்ல சார். துருப்பிடிச்சு அறுந்தது. யாரோ தண்ணி விட்டிருக்காங்க.”

“மழையா இருக்கும்.”

“ஷெட்டுக்குள்ளயா?”

“சாரல்.”

“சாரல் இப்படி ரோலர் ரோலராத் தேடிப் போய் நனைக்காது சார்.”

கதவுக்காரர் தரையில் இருந்த டயர் தடத்தைக் காலால் காட்டினார். “அம்மா இன்னும் ரெண்டு முழம் முன்னால வந்திருந்தா, பலகை நேரா அவங்க முன்கண்ணாடி மேல இறங்கியிருக்கும்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தராசுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கைகள் கண்ணுக்குள் வந்தன. முப்பது வருஷத்தில் கல்லைக் குறைத்துப் போட்ட கடைக்காரர்களை எத்தனை பேர் முன்னால் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பார். ஒருவர்கூட யார் தலையிலும் கதவைத் தள்ளியதில்லை.

“எல்லாத்தையும் மாத்திடுங்க. ஒண்ணு விடாம” என்றார்.

ஸ்பிரிங்கை முறுக்கும்போது தள்ளி நிற்கச் சொன்னார் கதவுக்காரர். தராசு தள்ளி நின்று பார்த்தார். சாயங்காலம் கதவு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஏறி இறங்கியது. காதை வைத்துக் கேட்டாலும் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கார் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. சனிக்கிழமை காலை அவள் காரில் வேலைக்குக் கிளம்பியதும் தராசு ஒரு முடிவெடுத்தார். இன்றிலிருந்து ஐந்தரைக்கே ஏறி உண்மையாகவே அரை மணி மிதிக்க வேண்டும். ஐந்தரைக்கு ஷூகூடப் போட்டுக்கொண்டார். லேஸ் கட்டக் குனிவதற்காகச் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது எதிரே அவள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் கைப்பை. மணி ஆறு இருபது.

“எப்ப வந்தே?”

“இருபது நிமிஷமாச்சு. நல்லா தூங்கறீங்கன்னு எழுப்பல.”

“இன்னைக்கு மட்டும்தான்...” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“வேண்டாம்ங்க. எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் கார் சர்வீசுக்குப் போயிருந்துது, நடந்து வந்தேன். இதே சோபா, இதே குறட்டை. எழுப்பாம கீழ போய் அரை மணி கழிச்சு வந்தேன். மறுநாள் கதவு கத்தினதும் மேல நீங்க ஓடற சத்தம் கேட்டுது. அப்புறம் சைக்கிள் சத்தம்.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“கேட்டா சண்டை போடுவீங்க. மிதிக்க மாட்டீங்க. நான் மேல வர்ற வரைக்கும் மிதிப்பீங்கன்னு தெரிஞ்சுது. அதான் வராம இருந்தேன்.”

“கார்லயா?”

“கார்ல. விளக்கை அணைச்சுட்டு.”

“அக்காவோட போன்?”

“அக்கா எட்டு மணிக்கு முன்னாடி போனை எடுக்கவே மாட்டா.”

தராசு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மாலையும் கிட்டத்தட்ட அரை மணி. டாக்டர் சொன்ன அளவு, ஒரு குன்றிமணி குறையாமல் தன்னிடம் வசூலாகியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் தட்டிக்கொடுத்தபோதெல்லாம் தன் உடல்வாகு அப்படி என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார். அந்த நேரமெல்லாம் இவள் நாள் முழுக்க நின்ற காலோடு, பசியோடு, இருட்டு ஷெட்டில் மேலே அண்ணாந்து சக்கரச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள்.

“நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. “அந்தக் குப்பியில எண்ணெய் இல்ல. தண்ணி.”

அவள் கைப்பையை மெதுவாக இறக்கி வைத்தாள்.

“ரோலர்லயா?”

“ரோலர்ல, கீல்ல.”

“கேபிள்லயுமா?”

“கேபிள்லயும்.”

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். தராசு திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அன்னைக்குக் கதவு விழுந்தப்ப, நான் கேக்காம விட்டதாலதானே இதுன்னு நினைச்சேன்” என்றாள். “அஞ்சு நாளா அதே நினைப்பு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தா அன்னைக்கே ரோலரை மாத்தியிருப்போம். நீங்களும் பேசல, நானும் பேசல. கதவு மட்டும் பேசிக்கிட்டு இருந்துது.”

“தப்பு என்னோடது.”

“உங்களோடதுதான். என்னோடது கொஞ்சம்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “ஏறுங்க.”

“எதுல?”

“ஷூ போட்டிருக்கீங்களே, எதுக்கு?”

தராசு ஏறினார். அவள் அவர் எழுந்த இடத்தில், சோபாவில் காலை நீட்டிப் படுத்தாள். கண்ணை மூடினாள். இரண்டே நிமிஷத்தில் மூச்சு சீராக வந்தது. பாவம், தூங்கிவிட்டாள். கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருமை எப்போது வந்தது? தினமும் எதிரே நின்ற முகம்தான். தான் அதில் வேறு எதையும் பார்க்காமல், மாட்டிக்கொண்டோமா என்பதை மட்டும் பார்த்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

அரை மணி ஆயிற்று. நிறுத்தலாம். ஆனால் சக்கரச் சத்தம் சட்டென்று நின்றால் விழித்துக்கொள்வாளே. எத்தனை நாள் பாக்கித் தூக்கம், தூங்கட்டும். தராசு மிதித்தார். முக்கால் மணி. தொடை கல்லாகிவிட்டது. நிஜ வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் சக்கரம் தடுமாறும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். ஒரு மணி நேரம் ஆனபோது கால் தானாக நின்றுவிட்டது. மெல்ல இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், உள்ளேயிருந்து ஒரு போர்வை எடுத்து வந்து சத்தமில்லாமல் அவள் மேல் போர்த்தினார்.

அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள். “எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரு மணி நேரம்” என்றார் தராசு, மூச்சுக்கு நடுவே. “நீ தூங்கறியேன்னுதான் நிறுத்தல.”

“நான் எங்கங்க தூங்கினேன்?”