இங்கே மீட்பர் இல்லை

"ஒரு தடவை தொட்டுட்டுப் போங்க டாக்டர் சார், போதும்," என்றாள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. ஓட மறுத்த மெஷினைப் படியேற்றிக் கொண்டுவந்து அவர் வாசலிலேயே வைத்துவிட்டாள்.

நடிகர் கதவை ஒரு சாண் திறந்தார். "அம்மா, நான் டாக்டரும் இல்ல, நீங்க நினைக்கிற ஆளும் இல்ல. அது சீரியல்."

"சீரியல்ல வர்ற அந்த பஸ் கண்டக்டரும் இப்படித்தானே இல்ல இல்லன்னு சொல்றார்?"

"அவர் எங்கம்மா சொல்றார்? நான்தான் மீட்பர்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறார். அதுதான் கதையே."

"சரி, ஏதோ ஒண்ணு. தொடுங்க."

இத்தனை வருஷமும் அவர் சீரியல் டாக்டராகத்தான் இருந்தார். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து வெளியே வருவார், கண்ணாடியைக் கழற்றுவார், "இருபத்துநாலு மணி நேரம் கழிச்சுதான் எதுவும் சொல்ல முடியும்" என்பார், போய்விடுவார். அந்த அரை நிமிடத்துக்காக அவர் மனைவி கேபிள்காரரிடம் சொல்லி அந்தச் சேனலைத் தனியாக வாங்கி வைத்திருந்தாள். பிறகு அவளே ஆஸ்பத்திரியில் படுத்தபோது, நிஜ டாக்டர் வெளியே வந்து அதே வசனத்தைச் சொன்னார். இவரைவிடச் சுமாராகத்தான் சொன்னார். ஆனால் அந்த சீனுக்கு ரீடேக் இல்லை.

அதன்பின் ஷூட்டிங் வண்டி வந்தால் ஏறுவார். இறக்கிவிட்டால் கதவைச் சாத்திக்கொள்வார். தாடி கேட்பாரற்று வளர்ந்தது. கண்ணில் கருணை வழிகிறது என்றார் டைரக்டர். வழிந்தது தூக்கமின்மை. தன்னை மீட்பர் என்று சொல்லிக்கொள்ளும் பஸ் கண்டக்டராக, முதல் முறையாக அவரைக் கதாநாயகனாகப் போட்டார்கள். பார்த்து மெச்சத்தான் ஆள் இல்லை.

"அங்க தனியா உக்காந்து என்னப்பா பண்றீங்க? ஷூட்டிங் முடிஞ்சதும் இங்க வந்துடுங்க," என்றாள் வேறு ஊரில் இருக்கும் மகள். சரி என்றார். மனைவி இல்லாத வீட்டில் இரண்டாவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு, போய்விடுவதே மேல். யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டத் தொடங்கியபோதுதான் இந்த மெஷின் வந்து வாசலை அடைத்தது.

குனிந்து பார்த்தார். ஊசி திருப்பி மாட்டியிருந்தது. காலமெல்லாம் தைத்தவள் ஊசியைத் திருப்பி மாட்டுவாளா என்று அவருக்குத் தோன்றவில்லை. மனைவியின் மெஷினுக்கு ஊசி மாட்டிக் கொடுத்த கை, தானாகப் போனது. கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மெஷின் ஓடியது.

"பாத்தீங்களா, கை பட்டதும் ஓடுது," என்று தையல்காரம்மா படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

மறுநாள் மேல்வீட்டு ரிட்டயர்டு மேனேஜர் வந்து தலையை நீட்டினார். "ரத்தக் கொதிப்பு. கைய வைங்க."

தொலையட்டும் என்று பழைய டாக்டர் குரலை எடுத்தார் நடிகர். "உப்பைக் குறைங்க. சாயங்காலம் நடங்க."

"தனியா நடக்க பயம். கூட வாங்க."

"அந்த நேரத்துலதானே சீரியல் ஓடுது? பாக்க வேண்டாமா?"

"அசலே கூட வரும்போது நகல் எதுக்கு சார்?"

தினமும் நடை என்றாகிவிட்டது. செருப்பும் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

அடுத்து எதிர்வீட்டுப் புதுத் தம்பதி. ஃபேன் எத்தனையில் ஓட வேண்டும் என்று சண்டையாம். மீட்பர் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். சாப்பாட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். தட்டுகளுக்காகப் பெட்டி மறுபடி பிரிந்தது. தீர்ப்பு பிடித்துப்போய், அடுத்த சண்டைக்கும் தேதி கேட்டார்கள். இரண்டாவது நாற்காலியில் அந்தப் பெண்ணே உட்கார்ந்துகொண்டாள்.

"அங்கிள், நேத்து கடல் மேல நடந்தீங்களே, சூப்பர்."

"கடலா? எங்க கம்பெனிக்கு வாளித் தண்ணியே பெரிய செலவும்மா."

பொறுத்துப் பார்த்துவிட்டு, 'இங்கே மீட்பர் இல்லை' என்று எழுதிக் கதவில் ஒட்டினார். சாயங்காலம் பார்த்தால், கீழே பென்சிலில் யாரோ கேட்டிருந்தார்கள்: 'எப்போ வருவார்?'

தாடிதான் வினை என்று அதை வழித்தெறிந்தார். "மீட்பர் மொழுக்குனு வந்து நின்னா பஸ்ஸுல எவன்யா நம்புவான்?" என்று டைரக்டர் குதித்து, ஒட்டுத்தாடி வைத்துவிட்டார். மிச்ச ஷூட்டிங் முழுக்க மீட்பர் முகத்தைச் சொறிந்துகொண்டேதான் உலகத்தை மீட்டார். வீட்டிலோ தாடி இல்லாத முகத்தைப் பார்த்த தையல்காரம்மா, "இப்பத்தான் பழைய ஆள் மாதிரி இருக்கீங்க," என்று ஒரு சட்டையை நீட்டினாள். அளவு கேட்காமலே தைத்திருந்தாள்.

கடைசியில் ஒரு நாள் படிக்கட்டில் நின்று கத்தியே விட்டார். "என்னை நிம்மதியா விடமாட்டீங்களா? நான் சாதாரண மனுஷன். என்னால ஒரு உயிரையும் காப்பாத்த முடியல. போதுமா?"

கதவுகள் திறந்தன. யாரும் முகம் சுளிக்கவில்லை. மேனேஜர் மட்டும் மெல்ல, "போதும் சார். செருப்பை மாட்டுங்க, நடக்க நேரமாச்சு," என்றார்.

இது தேறாது என்று புரிந்துபோயிற்று. ஷூட்டிங் முடிந்த மறுநாள் கேபிள்காரரை வரச்சொன்னார். அட்டைப்பெட்டியில் மிஞ்சியிருந்தது ஒரு கண்ணாடிக் குவளை. அதையும் எடுத்துக் கேபிள்காரருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"கனெக்‌ஷனை எடுத்துடுப்பா. நான் மக வீட்டுக்குப் போறேன்."

"ஏன் சார், இத்தனை வருஷம் இருந்த இடம்?"

"இந்த சீரியலால வந்த வினை. கட்டடமே உக்காந்து பாக்குது. தினம் ஒருத்தர் வந்து கதவைத் தட்டறாங்க. எத்தனை சொல்லியும் நான் மீட்பர்னே நம்பறாங்கப்பா, பாவம். இதுக்கு மேல இங்க எப்படி இருக்கிறது?"

கேபிள்காரர் ஒயரைப் பிடித்தபடி யோசித்தார். கீழே தையல் மெஷின் நின்றது. யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது.

"எந்த சேனல் சார்? உங்க வீட்டம்மா சொல்லி வாங்கினாங்களே, அதுவா?"

"அதேதான்."

"அது இந்தக் கட்டடத்துல உங்க வீட்டைத் தவிர ஒருத்தருக்கும் வராதே சார்."