சாம்பார் சராசரி

அநியாயம் சார், அநியாயம்! காலேஜ்ல புள்ளியியல் நடத்துறவன் நான். என் பாடத்தை வச்சே என்னைக் கவுத்துட்டா என் பெண்டாட்டி அனுபமா.

ஸ்ரீரங்கத்துல குடியிருந்தா வைகுண்ட ஏகாதசிக்கு என்ன ஆகும்? சொர்க்கவாசல் திறக்கிறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு வாசல் திறந்துடணும். இருக்கிறதோ ஒரே பாத்ரூம். கும்பகோணத்துலேருந்து மாமியார் படையோட வருவாங்க. மன்னார்புரத்துலேருந்து என் தங்கச்சி சகுந்தலா குடும்பத்தோட வருவா. இந்த வருஷம் ஒரு கூட்டம்தான்னு முடிவாச்சு. எந்தக் கூட்டம்?

"எங்கம்மாதான் வருவாங்க"ன்னா அனுபமா.

"உங்கம்மாகிட்ட நீ போன்ல பேசற அன்னைக்கெல்லாம் சாம்பார் உப்புக் கரிக்குது. போனுக்கே இப்படின்னா, நேர்ல வந்தா? நிரூபிச்சுக் காட்டட்டுமா?"

"காட்டுங்க."

அனோவான்னு ஒரு புள்ளியியல் சோதனை போட்டேன். பயப்படாதீங்க, சுலபம்தான். மாமியாரோட பேசற நாள், தங்கச்சியோட பேசற நாள், யாரோடயும் பேசாத நாள்னு மூணு குழு. தினமும் சாம்பார் உப்புக்கு நான் மார்க் போடுவேன்; உப்பு கூடினா மார்க்கும் கூடும். ஒரே குழுவுக்குள்ள இருக்கிற ஏற்ற இறக்கத்தைவிட, குழுக்களோட சராசரிகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி ரொம்பப் பெரிசா இருந்தா, அது தற்செயல் இல்லை.

"யாரோட சராசரி எகிறுதோ அவங்க வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதங்க."

எதுக்குமே உடனே தலையாட்டாதவ! அப்பவே எனக்கு உறைச்சிருக்க வேண்டாமா?

முதல்ல மாமியார் போன். மணிக்கணக்கா பேச்சு. ஓடிப்போய் சாம்பாரை நாக்குல வச்சேன். அமிர்தம்! மறுநாள் தங்கச்சி போன். ஒரு வாய்தான் சார். சொம்புத் தண்ணியும் காலி.

"என்னடி இது?"

"உங்க தங்கச்சி குரலைக் கேட்டாலே சந்தோஷத்துல கை தடுமாறுதுங்க."

தற்செயல்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா என் தங்கச்சிக்கு இவளே வலியப் போன் போட்டுக் கொஞ்சினதை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை! கொஞ்சின அன்னைக்கெல்லாம் இம்மி பிசகாம அதே உப்பு.

மார்கழி பிறந்ததும் கணக்கைக் கம்ப்யூட்டர்ல ஓட்டினேன். குழுவுக்குள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். குழுக்களுக்கு நடுவுல மலைக்கோட்டை உயரம்!

"யாருங்க எகிறினது?"

"அனோவா அதைச் சொல்லாது! எங்கேயோ ஒரு வித்தியாசம் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்!"

"அதுக்கு அடுத்து ஒரு சோதனை இருக்குன்னு ஆன்லைன் கிளாஸ்ல பசங்ககிட்ட கத்தினீங்களே. அதையும் போடுங்க."

போட்டேன். சகுந்தலாதான் எகிறினா.

"உப்பு போட்டது நீ! வேணும்னே போட்டிருக்கே! இது சோதனையா? சதி!"

"உங்க நாக்கைத்தானே அளந்தீங்க? என் கையை அளக்கலையே."

கூடப் பிறந்தவகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வராதேன்னு சொல்றது? தயங்கித் தயங்கி போன் போட்டேன்.

"சகுந்தலா, இந்த ஏகாதசிக்கு வந்து..."

"அண்ணி எல்லாம் சொல்லிட்டாங்கண்ணே! நாங்க வரலை. உங்க மாமியார் கூட்டத்துல உங்களுக்கே படுக்க இடமில்லையாமே? மாடி ரூமைப் பெருக்கி வச்சிருக்கேன், பெட்டியோட வந்துடுங்க."